முதுகில் ஈட்டி

1969-இல் அமெரிக்காவின் நாசரேத்தில் ஒரு மரத் தட்டுப்பாடு வந்தது. பைபிள் நாசரேத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பென்சில்வேனியா மாநிலத்துச் சின்ன ஊர். 1833-இல் தொழில் தொடங்கிய மார்ட்டின் கிதார் கம்பெனி இங்கேதான் இருக்கிறது. தங்கள் உயர்ந்த ரகக் கிதார்களின் முதுகுக்கும் விலாவுக்கும் அதுவரை பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைப் போட்டுவந்தார்கள். இனி மரத்தை முழுத் தடியாக வெளியே விடமாட்டோம் என்று பிரேசில் நிறுத்திக்கொண்டது. மார்ட்டின்காரர்கள் மாற்று மரம் தேடிக் கடைசியில் வந்து சேர்ந்தது நம் ஈட்டியிடம். தோதகத்தி என்பதும் இதுதான். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் வீட்டி என்பார்கள். மார்ட்டின் போன வழியில் மற்றவர்களும் போனார்கள். இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையிலும் ஒரு நல்ல ஸ்டீல் கம்பி கிதாரைத் திருப்பிப் பார்த்து, முதுகு கறுத்த ரோஸ்வுட்டாக இருந்தால், அது இந்தியாவிலிருந்து போன மரம் என்று துணிந்து பந்தயம் கட்டலாம்.

கம்பம் பள்ளத்தாக்குக்காரனுக்கு இதைக் கேட்டதும் ஒரு மிதப்பு வரத்தான் செய்யும். கூடலூரிலிருந்து தேனி வரைக்கும் எங்கே நின்றாலும் கண்ணுக்கு எல்லை மலைதான். ஒரு பக்கம் ஏலமலை, இன்னொரு பக்கம் மேகமலை. ஆனால் திராட்சைப் பந்தலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே இருந்துகொண்டு ஈட்டியை நாம் கட்டிலாகவும் அலமாரியாகவும்தான் பார்த்திருக்கிறோம். மிராசுதார் வீட்டு ஊஞ்சல் பலகை என்றால் பெருமையாகத் தடவிப் பார்ப்போம். அது கிதாரின் முதுகாகக் கடல் தாண்டிப் போவது நம் ஊர்ப்பேச்சில் வந்ததே இல்லை. கிதாரின் ருசியைத் தமிழ்க் காதுக்கு ஏற்றிவிட்ட ஆள் இதே பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் மரம்.

போடியில் ஒரு நண்பரிடம் கையால் செய்த கிதார் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும்படிதான் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் சொல்லிவைத்து, முன்பணம் கட்டி, காத்திருந்து வாங்கியது. விலை என்னவென்று கேட்டேன். அவர் வீட்டம்மா பக்கத்தில் இருந்ததால் பதில் வரவில்லை.

கையில் வாங்கியதும் முதலில் தெரிவது எடைதான். கை ஒரு கனத்துக்குத் தயாராகப் போகிறது. வாத்தியம் அதைவிட லேசாக இருக்கிறது. முன்பலகை ஸ்ப்ரூஸ், வெண்ணெய் நிறம். மேலிருந்து கீழாக நூல் பிடித்ததுபோல் நெருக்கமான ரேகைகள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ரேகைக்குக் குறுக்கே பட்டு மினுக்கம் ஓடுகிறது. பலகையைச் சரியான கோணத்தில் அறுத்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். திருப்பினால் ஈட்டி. கறுத்த பழுப்பு, நடுநடுவே கத்தரிப்பூ நிறத்தில் கீற்றுகள். ஒரே பலகையை நடுவில் பிளந்து விரித்து ஒட்டியிருப்பதால் இடது பாதியின் ரேகை வலது பாதியில் கண்ணாடி பார்க்கிறது. ஒட்டின இடத்தில் நகத்தை வைத்து இழுத்தேன், தட்டவே இல்லை. முத்துச்சிப்பி மயில், கொடி, பூ ஒன்றும் கிடையாது. நடு ஓட்டையைச் சுற்றி இரண்டு மெல்லிய வளையம், அவ்வளவுதான். எனக்கு இது பிடித்தது. கழுத்து முழுக்கச் சிப்பி பதித்த கிதாரைப் பார்த்தால், இதற்குச் செலவான நேரத்தை முன்பலகைக்குக் கொடுத்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஓட்டைக்கு மூக்கைக் கொண்டுபோனால் இன்னமும் மரவாசனை வருகிறது. ஈட்டியை இழைக்கும்போது பட்டறை முழுக்க இனிப்பாக ஒரு மணம் நிற்கும். ஆங்கிலத்தில் அதற்கு ரோஜாவின் பெயர் வந்தது அதனால்தான். விரலை மடக்கி முதுகைத் தட்டினால் மணியின் கார்வை மாதிரி ஒரு நாதம் எழுந்து நிதானமாக அடங்குகிறது. வைரம் பாய்ந்த மரத்தின் குரல் அது. இதைக் கேட்ட யாரும், கிதாரின் குரலே முதுகிலிருந்துதான் வருகிறது என்று நம்பிவிடுவார்கள். கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள்.

அது உண்மையில்லை. 1862-இலேயே ஸ்பெயின் நாட்டு அன்டோனியோ தெ டோரஸ் ஒரு குறும்பு செய்து இதைக் காட்டிவிட்டார். இன்றைய கிளாசிக்கல் கிதாரின் உருவத்தைத் தீர்மானித்த மனிதர் அவர். முன்பலகையை மட்டும் மரத்தில் செய்து, முதுகையும் விலாவையும் காகிதக்கூழ் அட்டையில் செய்தார். அந்தக் கிதார் இப்போதும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது கிளாசிக்கல், நைலான் சமாசாரம், ஸ்டீல் கம்பிக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு 2018-இல் பதில் வந்தது. இங்கிலாந்தில் ராஜர் பக்னாலின் ஃபைல்ட் என்ற சின்னப் பட்டறையில் ஒரே அச்சாக ஆறு ஸ்டீல் கம்பி கிதார்கள் செய்தார்கள். முன்பலகை ஒரே ரகம், அளவு ஒன்று, செய்த கை ஒன்று. முதுகும் விலாவும் மட்டும் ஆறு விதமான மரம். பிரேசில் ரோஸ்வுட்டும் நம் ஈட்டியும் அதில் உண்டு, விலை குறைந்த மரங்களும் உண்டு. எது எந்த மரம் என்று தெரியாதபடி 52 பேரை வாசிக்கச் சொன்னார்கள், எல்லோரும் கிதார் வாசிப்பவர்கள். மதிப்பெண்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை.

இதைப் படித்ததும் என் மிதப்பு கொஞ்சம் இறங்கியது. ஆனால் ரசிகனாக லாபம் எனக்குத்தான். முதுகு மரத்தின் பெயரை விட்டுவிட்டு, கையால் செய்கிறவன் உண்மையில் எங்கே உழைக்கிறான் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

சாதாரண மெல்லிய ரகக் கம்பி ஆறையும் சுருதி சேர்த்து முறுக்கினால், மொத்த இழுவை எழுபது கிலோவைத் தாண்டும். அந்த இழுவை முழுவதும் ஒரு சின்ன மரத்துண்டின் வழியாக முன்பலகையில் வந்து உட்காருகிறது. அந்தத் துண்டுக்குப் பெயர் பிரிட்ஜ். முன்பலகையின் கனமோ மூன்று மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு பெரிய மனிதரைத் தூக்கி நிறுத்தும் விசையை அந்த மெல்லிசுப் பலகை பகலும் இரவும், வருடக்கணக்கில் தாங்க வேண்டும். தாங்கினால் மட்டும் போதாது, நடுங்கவும் வேண்டும். கம்பி தனியாக எழுப்பும் சத்தம் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. பலகை நடுங்கிக் காற்றைத் தள்ளினால்தான் அது இசை. பலகையைத் தடிமனாக விட்டால் கிதார் நூறு வருடம் நிற்கும், ஆனால் ஊமையாக நிற்கும். அளவுக்கு மீறி இழைத்தால் முதல் மாதம் அமர்க்களமாகப் பாடிவிட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ள ஆரம்பிக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அது ஒவ்வொரு பலகைக்கும் வேறு. பெரிய தொழிற்சாலைக்கும் சின்னப் பட்டறைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் எனக்குத் தெரிந்து இந்த ஒரே விஷயத்தில் அடங்கிவிடும். ஒரே ஸ்ப்ரூஸ் மரத்தில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகளில் ஒன்று விறைப்பாக இருக்கும், இன்னொன்று வளைந்து கொடுக்கும். தொழிற்சாலை இரண்டையும் ஒரே அளவுக்குத்தான் இழைக்கும். ஆயிரக்கணக்கில் விற்று, உத்தரவாதச் சீட்டும் கொடுக்கிற இடத்தில், ஒன்றுகூட உடைந்து திரும்பி வரக் கூடாது. அதனால் இருப்பதிலேயே நோஞ்சானான பலகை தாங்குகிற தடிமனைக் கணக்கு வைத்து எல்லாவற்றையும் செய்கிறார்கள். விறைப்பான நல்ல பலகைக்கு அது போர்வை போர்த்திவிட்ட கதைதான். அவர்கள்மேல் குற்றமில்லை. அவர்கள் தொழில் அப்படி.

தனிப் பட்டறைக்காரர் பலகையை இரண்டு கையாலும் பிடித்து, ரேகையின் நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை வளைத்துப் பார்க்கிறார். ஓரத்தை இரண்டு விரலால் தொங்கவிட்டு, மறு கையின் விரலால் தட்டிக் காது வைக்கிறார். தேங்காய் வியாபாரி காயைத் தட்டிப் பார்க்கிற அதே வேலை. காதுக்குத் தெரிந்ததை வாயால் சொல்லத் தெரியாது. இழைப்புளியால் ஒரு சுற்று, மறுபடி தட்டல். பிறகு உள்பக்கம் சட்டங்களை ஒட்டுகிறார். பெருக்கல் குறிபோல் இரண்டு சட்டங்கள் ஓட்டைக்குக் கீழே குறுக்கே சந்திக்கும். 1840-களில் மார்ட்டின் பட்டறையில் வேரூன்றிய அமைப்பு இது. அப்போது நரம்புக் கம்பிதான். அறுபது எழுபது வருடம் கழித்து ஸ்டீல் கம்பி வந்தபோது, அந்த இழுவையைத் தாங்கும் சட்டம் ஏற்கெனவே உள்ளே காத்திருந்தது. இப்படிப்பட்ட தற்செயல்கள்தான் வாத்தியங்களின் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

சட்டங்களை ஒட்டியபின் உளிவேலை. எங்கே பலம் வேண்டுமோ அங்கே முதுகு உயர்த்தி, எங்கே நடுக்கம் வேண்டுமோ அங்கே பள்ளம் தோண்டிச் சட்டத்தைச் சீவுகிறார்கள். சீவச் சீவத் தட்டல் சத்தம் இறங்கிக்கொண்டே வரும், மந்தமாக இருந்தது திறந்துகொள்ளும். எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. இன்னும் ஒரு சீவல் என்று கை ஆசைப்படும். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. நண்பருடைய கிதாரின் ஓட்டைக்குள் செல்போன் வெளிச்சத்தை விட்டு, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியால் பார்த்தோம். சட்டங்களின் சரிவில் உளியின் ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. சட்டம் பலகையைத் தொடும் இடத்தில் பசை ஒரு பொட்டுகூடப் பிதுங்கவில்லை. பட்டறைக்கு வெளியே யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் உப்புத்தாள் போட்டு முனைகளை உருட்டியிருந்தார்கள். ஒரு சட்டத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு தேதி. அதே நண்பரின் பழைய கடைக்கிதாருக்குள்ளும் அதே கண்ணாடியை விட்டோம். வழிந்து காய்ந்த பசை, பிசிறு, ஒட்டுப்பலகையின் அடுக்குகள். மேலே மட்டும் கண்ணாடி மாதிரி பளபளப்பு.

அந்தப் பளபளப்பும் ஒரு சங்கதி. மலிவுக் கிதாரில் தெளித்த தடித்த வார்னிஷ் பலகையைக் கட்டிப்போட்டுவிடும். நல்ல பட்டறைக்காரர்கள் முடிந்த அளவு மெல்லிசாகப் பூசுவார்கள். சிலர் இன்னமும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிறார்கள். தச்சர்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த வஜ்ஜிரப் பசையை மட்டுமே நம்புகிற ஆட்களும் உண்டு. சூடு காட்டினால் இளகிவிடும் என்பதால் நாளைக்கு ரிப்பேருக்கும் அதுவே வசதி.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? சத்தம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல கிதார் சத்தமாகவும் இருக்கலாம்தான், ஆனால் நான் காசு கொடுப்பது அதற்காக இல்லை. ஆறு கம்பியும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது ஆறும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். இதற்கு நம் எல்லோர் வீட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது: 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’. எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. கிதார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். இசை பண்ணைப்புரத்து இளையராஜா, பாட்டு எழுதிய வைரமுத்து வடுகபட்டிக்காரர். இரண்டும் தேனி மாவட்டம். அந்தக் கிதார் தொடக்கத்தைக் கவனியுங்கள். சுரங்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. முந்தின சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வருகிறது. ஆனாலும் ஒன்று மேல் ஒன்று விழுந்து குழம்பவில்லை. கீழே தாழ்ந்த கம்பி தன் வழியில் நடக்கிறது, மேலே மெல்லிய கம்பிகள் தங்கள் வழியில். இதே துண்டை மலிவுக் கிதாரில் வாசித்தால் சுரமெல்லாம் சரியாகவே இருக்கும். பலகைதான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிக் கொடுக்கும்.

இளையராஜா டிரினிட்டி கல்லூரித் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியது கிளாசிக்கல் கிதாருக்கு, அதாவது நைலான் கம்பி வாத்தியத்துக்கு. அந்தப் படிப்பின் ஒழுங்கை, ஒரு கிதாருக்குள் இரண்டு மூன்று குரல்களைத் தனித்தனியாக நடத்தும் பழக்கத்தை, அவர் சினிமாவின் ஸ்டீல் கம்பிக்குக் கொண்டுவந்தார் என்பது என் எண்ணம். 1980-இல் ‘மூடுபனி’ படத்தில் ஜேசுதாஸ் பாடும் கிதார்ப் பாட்டை இதோடு சேர்த்துக் கேட்டால் புரியும். அதனால்தான், கிதார் கடைப்பக்கமே போகாத தமிழனுக்கும் நல்ல கிதார் நாதம் எது என்று சட்டெனத் தெரிந்துவிடுகிறது. இந்தக் காது ஓசியில் கிடைத்தது.

கருவிதான் கிடைக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் கற்றுக்கொண்டது கல்கத்தாவில் செய்த கிவ்சன் போன்ற கிதார்களில். நெக்கிலிருந்து கம்பி ஒரு விரல் உயரத்தில் நிற்கும். அழுத்திப் பிடித்து விரல் நுனி காய்த்துப்போகும். ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி பக்கத்துக் கோவில் பாடகர் குழுப் பையன்களின் இடது கை விரல்களைப் பார்த்தால் தெரியும். இருந்தும் அந்தக் கிதார்களை நான் ஏளனமாகப் பேசமாட்டேன். அவை இல்லாவிட்டால் இங்கே பாதிப் பேர் கிதாரையே தொட்டிருக்க மாட்டார்கள். கையால் செய்யும் பட்டறைகள் இந்தியாவில் குறைவு. தமிழ்நாட்டு எல்லைக்குள் என்றால் ஆரோவில்லில் எரிசா நியோகி பல வருடங்களாகத் தனி ஆளாகக் கிதார் செய்துவருவது வாத்தியக்காரர்கள் வட்டத்தில் தெரிந்த செய்தி. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் பழைய வீட்டு ஆச்சா மரமும், தஞ்சாவூர் வீணைக்குப் பலாவும் தேடி அலைகிற ஆசாரிகள் இருக்கும் நாட்டில், கிதாருக்கும் இன்னும் பத்துப் பேர் இருக்கலாம்.

மரம் நம்மிடம் இருக்கிறது என்றாலும் எளிதில் கிடைக்காது. ஈட்டி மெதுவாக வளரும் சாதி. வெட்டித் தீர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் 1990-களில் தமிழ்நாட்டில் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது என்றானது. வெளிநாட்டுக்கு முழுத் தடியாகப் போவதற்கும் தடை. அறுத்துச் சீவிய பலகையாகத்தான் போகிறது. 2017 ஜனவரியிலிருந்து சர்வதேச ஒப்பந்தப்படி, ஈட்டி வைத்த கிதாரே வியாபாரத்துக்காக நாடு தாண்டும்போது காகிதம் காட்ட வேண்டியிருந்தது. உலகம் முழுக்கக் கிதார்க்காரர்கள் புலம்பியதில், 2019 இறுதியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். நெக்கின் மேல் ஒட்டும் பலகைக்குக் கருங்காலியைத்தான் பெரிதும் விரும்புவார்கள், கம்பி உரசி உரசித் தேயாத மரம் என்பதால். நம் ஊரில் இப்போது எல்லோரும் கருங்காலி மாலை போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அதில் கால்வாசியாவது நிஜக் கருங்காலியாக இருந்தால் கிதார்க்காரர்கள் வயிறெரிய நியாயம் உண்டு.

சரி, ஈட்டிக்குக் குரலில் பங்கில்லை என்றால் ஏன் இன்னமும் அதையே தேடுகிறார்கள்? கண்ணுக்கு என்பது ஒரு காரணம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாசிக்கிறவனுக்கு மடியில் இருப்பது அழகாக இருந்தால் கூடக் கொஞ்ச நேரம் வாசிப்பான். இன்னொரு காரணம் பட்டறைக்காரர்களுடையது: இரண்டு மில்லிமீட்டருக்கு இழைத்து நனைத்துச் சூடான குழாயில் வைத்து அழுத்தினால் ஈட்டி சொன்னபடி வளைந்துகொடுக்கும், காய்ந்தபின் வளைந்த இடத்திலேயே நிற்கும். ஈரம் ஏறி இறங்கினாலும் மற்ற பல மரங்களைப்போல் முறுக்கிக்கொள்ளாது.

ஈரம்தான் கிதாரின் எமன். நல்ல பட்டறைகளில் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்திவைத்துத்தான் ஒட்டுவார்கள். சித்திரை வெயிலில் தேனியின் காற்று அதைவிட வறண்டு போகும். முன்பலகை உள்வாங்கும், கம்பி இறங்கி, நெக்கில் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டையில் உரசும், கவனிக்காவிட்டால் ரேகை வழியே கீறல் விடும். ஆனி பிறந்தால் மலை இடைவெளியில் புகுந்து வரும் காற்று கூடலூர், கம்பம் பக்கம் சாரலையும் கூட்டிவரும். ஐப்பசி மழையில் பலகை ஊதிக் கம்பி ஏறிக்கொள்ளும். போடி நண்பரிடம் ஆர்டர் எடுத்தபோது பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி, என்ன பாட்டு வாசிப்பீர்கள் என்பதுகூட இல்லையாம். கிதார் எந்த ஊரில் இருக்கப்போகிறது என்பதுதானாம். கோடையில் நண்பர் பெட்டிக்குள் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை ஓட்டை போட்ட சோப்புடப்பாவில் அடைத்து வைக்கிறார். மழைக்காலத்தில் அதை எடுத்துவிட்டு, நெக்குக்குள் ஓடும் இரும்புத்தண்டைக் கால் சுற்றுத் திருகிவிடுகிறார். அவ்வளவுதான் பராமரிப்பு.

கிதார் வாங்க யாராவது என்னைத் துணைக்குக் கூப்பிட்டால் நான் முதுகைப் பார்ப்பது கடைசியில். முதலில் ஐந்தாம் கம்பியை ஒரு தடவை தட்டிவிட்டு, அது அடங்கும் வரை யாரையும் பேசவிடமாட்டேன். அடங்கும் வழியில் சத்தம் ஒரே சீராக இறங்குகிறதா, நடுவில் எங்காவது தொப்பென்று விழுகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறிப்போய், திடீரென்று செத்துப்போகும் சுரம் எங்கே என்று தேடுவேன். ஒன்றிரண்டு எல்லாக் கிதாரிலும் இருக்கும், ஐந்தாறு இருந்தால் வேண்டாம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும், அதே இடத்தில் விரல் தொட்டும் தொடாமலும் எழுப்பிய சுரமும் ஒன்றாக நிற்கிறதா என்று பார்ப்பேன். பிரிட்ஜின் மேல் கம்பி உட்காரும் எலும்புத் துண்டு லேசாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். இதற்குள் கடைக்காரர் ரோஸ்வுட் சார், ஒரிஜினல் ரோஸ்வுட் என்று இரண்டு முறையாவது சொல்லியிருப்பார். ஆமாம், எங்க ஊர் மலை மரம்தான் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை எடுத்து உள்ளே விடுவேன்.